செக்கன் பாடிய வினிபிரட்

மட்டக்களப்பு நகரத்தில் எண்பதுகளின் கடைசியில் கலியாணம் கட்டியவர்களைப் பிடித்து, "உங்கள் கலியாணத்துக்கு சில்வர் திரீ பாட்டுக் குழு வந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். யார் பாடியது என்றால், "ஹெதர்" என்பார்கள். கிற்றார் அடித்தது யார் என்றால், "நெவில், தச்சுவேலை செய்யிற பறங்கியர்" என்பார்கள். மூன்றாவது ஆள் யார் என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். "ஓம், இன்னொரு பொம்புளையும் நிண்டவ" என்பார்கள். அந்த இன்னொரு பொம்புளைதான் வினிபிரட். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் அவளை அப்படிச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பெயர் வல்லிபுரம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. வெற்றுக் கசெற்றையும், பாட்டுகளின் பெயர் எழுதிய தாளையும் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் பதிந்து கொடுப்போம். கடையின் பின்னறையில் முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டி, அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருந்தேன். சில்வர் திரீயின் முதல் கசெற் அங்கேதான் பிறந்தது. தங்கம் என்று பெயர் வைத்தால் என்ன என்று நான் கேட்டபோது நெவில் சொன்னான்: "தங்கமெண்டு வைச்சா களவெடுத்துப் போடுவானுகள் மச்சான். வெள்ளியாவே இரிக்கட்டும்."

வினிபிரட்டும் ஹெதரும் அக்கா தங்கை, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். நெவில் வினிபிரட்டின் புருஷன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஹெதர் கலியாணமே கட்டவில்லை. கடலோரம் டச்பாரில், தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் இருந்தாள். வினிபிரட்டும் நெவிலும் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டவுனில் இருந்தார்கள். வினிபிரட் தையல்காரி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் இருந்து கலியாண கவுண் வரை அவள் தைத்துக் கொடுக்காதது இல்லை.

மாதா கோயில் பாட்டுக் குழுவில் இரண்டு பேரையும் சின்ன வயதிலேயே பிரித்து நிறுத்திவிட்டார்கள். குரல் நல்ல குரல் என்று ஹெதருக்கு மெட்டைக் கொடுத்தார்கள். காது நல்ல காது என்று வினிபிரட்டுக்குச் செக்கனைக் கொடுத்தார்கள். செக்கன் என்பது இரண்டாம் குரல். ஒருவர் மெட்டைப் பாடும்போது, அவருக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, அதே சொற்களை அதே நேரத்தில் வேறு சுரத்தில் பாடிக்கொண்டு கூடவே வர வேண்டும். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. சேர்த்துக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். சரியாகச் சொன்னால், சேர்த்துக் கேட்கும்போதும் தெரியாது, நிறுத்தினால்தான் தெரியும்.

அவள் மெஷினில் இருந்து தைக்கும்போது செக்கனைத்தான் முணுமுணுப்பாள். காத்தான்குடியில் இருந்து துணி கொண்டுவரும் ஜெமீலா என்ற பெண் ஒருநாள் கேட்டாளாம்: "வினிபிரட் அக்கா, நீங்க படிக்கிற பாட்டு ஒண்டும் எனக்குப் புடிபடுதில்லையே, இது எந்த ஊர்ப் பாட்டு?" வினிபிரட் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

1988இல் அந்த முதல் கசெற்றைப் பதிந்தோம். என்னிடம் இருந்தது ஒரேயொரு மைக். அதை மின்விசிறிக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டு, அவரவர் நிற்கிற இடத்துக்கு நிலத்தில் சோக்கால் பெருக்கல் குறி மாதிரி மூன்று புள்ளடி போட்டேன். ஹெதருக்கு மைக்கில் இருந்து ஒரு முழம். நெவிலுக்கு இரண்டு எட்டுப் பின்னால். வினிபிரட்டுக்கு ஹெதரின் இடது கைப் பக்கம், சுவரோரம். யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்களோ அதுதான் அவர்களின் சத்தம். ஊரில் இந்தியன் ஆமி நின்ற காலம். ஜீப் போகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவோம்.

நெவில் கட்டிய பாட்டுகளில் ஊரையே ஆட்டிவைத்தது ஒன்று:

பாலம் தாண்டி வாறியா, பனங்கட்டி தாறன் நான்
பாதியில நிண்டாலும் பாத்திருப்பன் நான்

டச்பார்ப் பெட்டை டவுன்காரனைக் கூப்பிடுகிற குறும்புப் பாட்டு. றபானா மேளமும் வயலினும் சேர்ந்தால் கிழவர்களும் எழும்பி ஆடுவார்கள். அதில் 'பாத்திருப்பன்' என்ற சொல் வரும்போதெல்லாம் வினிபிரட், 'பாத்தி' என்ற இடத்தில் குரலை இழுத்துப் பிடித்தாள். எனக்கு அது பிழையாகப் பட்டது. "ஏன் புள்ள அந்த இடத்தில இழுக்கிறாய்? ஹெதர் ஒழுங்காத்தானே பாடுறாள்" என்று அதட்டினேன். "பழக்கமாப் போயித்து அண்ணன், விடுங்க" என்றாள். இருபது வருடம் சத்தத்தையே தொழிலாக வைத்திருந்த எனக்கு அவள் ஏன் இழுத்தாள் என்று விளங்கவில்லை. காது இருந்து என்ன பயன்?

அதற்குப் பிறகு சண்டையும் ஊரடங்கும் மாறி மாறி வந்தன. இரண்டாவது கசெற் பேச்சோடு நின்றது. கலியாண வீடுகளுக்கு மட்டும் போய்ப் பாடினார்கள். வழியில் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் மறித்தால் நெவிலின் கிற்றார்ப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு சென்றியில் ஆமிக்காரன் பாடிக் காட்டச் சொல்லி, மூன்று பேரும் வெயிலில் நின்று பாடிவிட்டு வந்த கதையும் உண்டு. சமாதான காலம் வந்தபோதுதான் நெவிலுக்கு மறுபடி ஆசை பிறந்தது. புதுப் பாட்டு எட்டுக் கட்டினான். ஸ்பீக்கர் பெட்டி செய்ய நல்ல முதிரைப் பலகையாக வாங்கி வீட்டு விறாந்தையில் அடுக்கி வைத்தான். 2004 நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, அடுத்த நாள் காலை ஹெதர் வீட்டில் பழகத் தொடங்குவது என்று பேச்சு.

நத்தார் அன்று பகல் நெவில் வீட்டில் எனக்கும் சாப்பாடு. கேக்கும் வந்தது, வைனும் வந்தது, வயலினும் வந்தது. எல்லாரும் நல்ல குஷியில் இருந்த நேரம் வினிபிரட் மெதுவாகக் கேட்டாள்: "புதுக் கசெற்றில ஒரு பாட்டு நான் மெட்டுப் பாடட்டா?"

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. வாழ்நாளில் அவள் தனக்கென்று கேட்டதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஹெதர் சிரித்தாள். "உனக்கு மெட்டுத் தெரியுமாகா? பாலம் தாண்டியைப் பாடு பாப்பம்."

வினிபிரட் எழும்பி நின்று, கவுணைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடிப் பாடினாள். வந்தது செக்கன். ஒரு சுரம்கூடப் பிசகாத செக்கன். இதுதான் மெட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு வரியையும் பாடி முடித்தாள். பதினாறு வருடமாக அவள் தொண்டைக்குத் தெரிந்த பாட்டு அதுதான். வீடே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று வேறு சொன்னேன். அவள் மேடையைக் குறை சொல்லவே இல்லை. என் வாய்க்கு அன்று பூட்டு இருந்திருக்கலாம்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "நாளைக்கு நான் வர மாட்டன். உன்ட மெட்ட நீயே வைச்சிரு" என்று ஹெதரிடம் சொல்லிவிட்டு குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

பின்னேரம் ஹெதர் வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் பாலம் வரை கூட நடந்தேன். அவள் வாடிப்போய் இருந்தாள். "பகிடிக்குத்தான் கேட்டன் வல்லியண்ணன். நாளைக்கு ஞாயிறு. காலைப் பூசைக்கு டவுனுக்கு வந்து, மறுகா வினிட வீட்டயும் போய் சமாதானம் சொல்லித்து வாறன்."

அப்போது நான் சொன்னதை எழுதத்தான் இந்தப் பேனையை எடுத்தேன். ஆறு வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்ததும் அதுதான்.

"நீ போகாத" என்றேன். "நீ தேடிப் போனா அவள் இன்னும் கொம்பில ஏறுவாள். வீட்டிலயே இரு. அவளாத் தேடி வருவாள். அவள்ட கோவம் மூண்டு பாட்டுக்கு மேல நிக்காது."

ஹெதர் யோசித்தாள். "அப்ப சரி. நான் பாத்திட்டு இரிக்கன். வந்தாளெண்டா முதல் பாட்டு அவளுக்குத்தான். மெட்டச் சொல்லிக் குடுத்திட்டு நான் செக்கன் பாடப் போறன். செக்கன் கஷ்டமா அண்ணன்?"

"உன்னால ஏலா" என்றேன். சிரித்துக்கொண்டே பாலத்தில் ஏறினாள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. டச்பாரில் வீடுகள் நின்ற இடம் வெறும் மணலாகிவிட்டது. பூசைக்கு டவுனுக்கு வந்தவர்கள் தப்பினார்கள். ஹெதர் வீட்டில் இருந்தாள். ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டு போன அயலவர்கள் சிலர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: ஹெதரும் கொஞ்சத் தூரம் ஓடினாளாம், பிறகு ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாளாம். ஏன் நின்றாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் வாவிப் பக்கம் கண்ணா மரப் பற்றைக்குள் அவளைக் கண்டெடுத்தோம். ஊரில் சவப்பெட்டிக்குப் பலகை தட்டுப்பாடு. நெவில் விறாந்தையில் அடுக்கி வைத்திருந்த முதிரைப் பலகையை எடுத்தான். ஸ்பீக்கருக்கென்று வாங்கியதில் பெட்டி செய்தான். அவன் ஆணி அடிக்க, நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வினிபிரட் அழவில்லை. அடக்கம் செய்த இடத்திலும் அழவில்லை. அகதி முகாம்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தாள், கோயிலுக்குப் போனாள், சமைத்தாள். பாட்டு மட்டும் நின்றுவிட்டது. மெஷினில் இருந்து முணுமுணுப்பதும் நின்றுவிட்டது. ஜெமீலா ஒருநாள் என்னிடம் வந்து, "அந்த விளங்காத பாட்டையாச்சும் படிக்கச் சொல்லுங்களன், மெஷின் சத்தத்த மட்டும் கேட்டா நெஞ்சு அடைக்கிது" என்றாள். அவளுக்கும் கடலில் போனவர்கள் இருந்தார்கள்.

நான் வினிபிரட் வீட்டுக்குப் போவேன், தேத்தண்ணி குடிப்பேன், வந்துவிடுவேன். ஹெதர் ஏன் பூசைக்கு வரவில்லை என்று அவள் ஒருபோதும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்காக என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் பயம். வேறொன்றும் இல்லை.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. டவுனில் சிலர் வெடி கொளுத்தினார்கள். கொளுத்தாத வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஒரு இளைஞன் என்னைத் தேடி வந்தான். பெயர் மதுரன், ஊர் சித்தாண்டி, வயது இருபத்தாறு. கல்லடியில் கம்பியூட்டர் வைத்து ஸ்டூடியோ நடத்துகிறான். கையில் சில்வர் திரீயின் பழைய கசெற் ஒன்று. உறை கிழிந்து, நாடாவில் ஒட்டுப் போட்டிருந்தது.

"எங்கட அண்ணன்ட. அவர் இத எத்தினை தரம் போட்டு ஆடியிருப்பார் எண்டு கணக்கில்ல. 2006இல அவர ஆரோ வந்து கொண்டு போனவங்க. இன்னும் ஒரு சேதியும் இல்ல" என்றான். "இவங்களத் திரும்பப் பாட வைச்சு ஒரு சீடி போடணும் அங்கிள். பழைய பாட்டெல்லாம் புது பீட்டோட."

நான் அவனை நெவிலிடம் கூட்டிப் போனேன். நெவில் தனியாக என்னிடம் சொன்னான்: "சீடி வித்தா என்ன விக்காட்டி என்ன மச்சான். ஆறு வருசமா அவள் பாட வாயத் திறக்கல்ல. அவள் பாடினாக் காணும்."

வினிபிரட் மூன்று நாள் யோசித்துவிட்டு ஓம் என்றாள். "மெட்ட நான்தானே பாடோணும்?" என்று கேட்டாள். "ஓம், நீதான்" என்றான் நெவில்.

மதுரனின் ஸ்டூடியோவில் ஆளுக்கொரு மைக். ஒருவர் பாடும்போது மற்றவர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நின்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட வேண்டும். அவன் துள்ளல் பீட் ஒன்றைச் செய்து வைத்திருந்தான். வினிபிரட் உள்ளே போனாள். நத்தாரன்று செய்ததுபோலவே கவுணைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். பாடினாள்.

"அட, மெட்ட மாத்திட்டீங்களா அன்ட்டி? புதுசா இரிக்கி!" என்றான் மதுரன்.

நெவில் தலையைக் குனிந்துகொண்டான். வந்தது செக்கன். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஏழு தரம் பாடிப் பார்த்தாள். முதல் சொல்லை மெட்டில் பிடிப்பாள். இரண்டாவது சொல்லில் குரல் தானாகக் கீழே இறங்கிவிடும். கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். "மெட்டு என்ட வலது காதுக்குள்ள கேட்டிட்டுத்தான் இரிக்கி. தொண்டைதான் போகுதில்ல" என்றாள்.

அடுத்த நாள் மதுரன் தனுஷியா என்ற சங்கீத ரீச்சரைக் குருக்கள்மடத்தில் இருந்து கூட்டி வந்தான். மெட்டை அவள் பாட, வினிபிரட் செக்கன் பாடுவது என்று ஏற்பாடு. நல்ல பிள்ளை, நல்ல குரல். ஹெதரை விடத் திறம் என்றே சொல்வேன். ஆனால் இரண்டு குரலும் ஒட்டவில்லை. தனுஷியா நேரே போகிற இடங்களில் வினிபிரட் இழுத்துக்கொண்டு நின்றாள். 'பாத்திருப்பன்' வரும்போதெல்லாம் முட்டுப்பட்டது.

தனுஷியா மரியாதையாகத்தான் கேட்டாள். "அன்ட்டி, அந்த இடத்தில ஏன் இழுக்கிறீங்க?"

"அதில அவள் மூச்சு எடுப்பாள்" என்றாள் வினிபிரட்.

"சொல்லுக்கு நடுவிலயா?"

"அவளுக்கு இழுப்பு. சின்ன வயசில இரிந்து. ஒரு முழு வரி பாட மூச்சுக் காணாது. வெளியில தெரிஞ்சா பாடக் கூப்பிட மாட்டாங்க, மாப்பிள்ளையும் வராது எண்டு அம்மா மறைச்சுப்போட்டா. அவள் மூச்சு எடுக்கிற நேரம் நான் சத்தத்தைப் பிடிச்சிட்டு நிப்பன். அப்ப ஒருத்தருக்கும் கேக்காது."

1988இல் என் பின்னறையில் நான் பிழை என்று அதட்டியது இதைத்தான். அந்தக் காலை ஹெதர் ஏன் ஓட முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வினிபிரட் ஒரு கதிரையில் இருந்தாள். "நான் இவ்வளவும் செய்தன். ஒரு மெட்டுத்தான் கேட்டன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டாள். கடைசி வரைக்கும் தரல்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "தரத்தான் இரிந்தவள்!" என்று கத்திவிட்டேன். "முதல் பாட்டு உனக்குத்தான் எண்டு சொன்னவள். தான் செக்கன் பாடப் போறன் எண்டவள். பூசைக்கு வந்து உன்னட்ட வரத்தான் நினைச்சவள். நான்தான் மறிச்சன். வீட்டிலயே இரு, அவள் தேடி வருவாளெண்டு நான்தான் சொன்னன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்காகவா வீட்டில இரிந்தவள்?"

"ஓம்."

"நீங்க சொல்லியா?"

"ஓம் புள்ள."

என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். நெவில் என் பக்கம் திரும்பாமல் அவளுக்குப் பின்னால் போனான்.

ஐந்தாம் நாள் அவள் என் கடைக்கு வந்தாள். ரெக்கோடிங் பார் அப்போது ஃபோட்டோக் கொப்பிக் கடையாக மாறியிருந்தது. முதுகு கொஞ்சம் வளைந்து, நித்திரை இல்லாத கண்ணோடு நின்றாள்.

"பாட வாறன் அண்ணன்" என்றாள். "மெட்டுப் பாட ஒருத்தரும் வேணாம். அவள்ட இடம் அப்படியே இரிக்கட்டும். அண்டைக்குக் காலையில அவள் எனக்காகப் பாத்திட்டு இரிந்தாள், நான் போகல்ல. இந்த சீடியில நான் அவளுக்காகப் பாத்திட்டு நிக்கன்."

மெட்டில்லாத பாட்டை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரு தரம் வாய் திறந்து நான் செய்தது போதும்.

மதுரன் மறுப்பான் என்று நினைத்தேன். அவன் பீட்டை நிறுத்தினான். "எங்கட அம்மா இன்னும் அண்ணனுக்குச் சோறு போட்டு மூடித்தான் வைக்கிறவ. எனக்கு விளங்குது அன்ட்டி" என்றான்.

கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்றாள். பெரிய அறையில் ஒரு மைக்கை மட்டும் வைக்கச் சொன்னாள். என்னிடம் ஒரு சோக்குத் துண்டைத் தந்து, "பழைய மாதிரி மூண்டு புள்ளடி போடுங்க" என்றாள். முழங்கால் வலிக்க வலிக்கக் குந்தியிருந்து போட்டேன். மைக்குக்கு ஒரு முழத்தில் ஒன்று, இரண்டு எட்டுப் பின்னால் ஒன்று, சுவரோரம் ஒன்று. பின்னால் நெவில் நின்றான். சுவரோரம் வினிபிரட் நின்றாள். முன்னால் இருந்த புள்ளடியில் ஒருவரும் மிதிக்கவில்லை. றபானா இல்லை, வயலின் இல்லை, பீட் இல்லை. ஆடுவதற்கென்று கட்டிய பாட்டை நெவில் நடை வேகத்தில் வாசித்தான். ஒரு கிற்றார், நெவிலின் அடிக்குரல், வினிபிரட்டின் செக்கன். பழைய கசெற்றின் ஒன்பது பாட்டையும் அப்படியே பதிந்தோம்.

சீடி வெளிவந்தது. ஊர் என்ன சொன்னது என்று கேட்கிறீர்களா? வாங்கியவர்களில் பாதிப்பேர் என் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். "அண்ணன், இதில பாட்டு வருதில்ல, சும்மா முனகல்தான் வருது." "எங்கட ஸ்பீக்கரில ஒரு பக்கம் பழுதோ தெரியா." வானொலியில் வேலை செய்கிற ஒருவர் போன் எடுத்து, ஒரு ட்ராக் விடுபட்டுப் போயிருக்கிறது, சரியானதை அனுப்புங்கள் என்றார். ஒருத்தன், பழைய சில்வர் திரீயையே கொன்றுவிட்டீர்கள் என்றான். அவனைக் கடையை விட்டே துரத்தினேன். வினிபிரட் இது ஒன்றுக்கும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மெஷினில் இருந்து மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள் என்று ஜெமீலா சொன்னாள். நெவிலும் என்னோடு பேசத் தொடங்கியிருந்தான். எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

2010 டிசம்பர் இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டச்பாரில் நினைவுப் பூசை. பூசை முடிந்து, மெழுகுதிரிகள் காற்றில் அணைந்துகொண்டிருந்த நேரம், இரண்டு பேரையும் பாடச் சொன்னார்கள். நெவிலும் வினிபிரட்டும் முன்னால் வந்து, நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடத்தை விட்டு நின்றார்கள். ஹெதரின் வீடு இருந்த இடத்தில் இருந்து ஐம்பது மீற்றர் தூரம்கூட இல்லை.

"பாலம் தாண்டி வாறியா..."

மெதுவாகத்தான் தொடங்கினார்கள். அடிக்குரலும் செக்கனும் மட்டும். இரண்டாம் தரம் அந்த வரி வந்தபோது சனத்துக்குள் ஒரு பெண் மெட்டை எடுத்தாள். கையில் மகனின் படம் வைத்திருந்தவள். பக்கத்தில் நின்ற மீன்காரர் சேர்ந்தார். பிறகு இன்னும் பத்துப் பேர். பிறகு எல்லாரும். யாருக்குத் தெரியாது அந்த மெட்டு? தங்கள் கலியாணத்துக்கு ஆடிய மெட்டை, செத்துப் போனவர்களுக்காக அழுது அழுது பாடினார்கள். இரண்டு பேரும் விட்டிருந்த இடம் நிரம்பி வழிந்தது. இதற்குத்தானே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், கிடைத்துவிட்டதே என்று நான் வினிபிரட்டைப் பார்த்தேன்.

"பாதியில நிண்டாலும் பாத்தி..."

வினிபிரட் அந்த இடத்தில் குரலை இழுத்துப் பிடித்தாள். ஒருவரும் நிற்கவில்லை. நூறு பேரும் 'பாத்திருப்பன் நான்' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்த தரமும் பிடித்தாள். அடுத்த தரமும் தாண்டிப் போனார்கள். மூன்றாம் தரம் அவள் பாடவில்லை. வாயை மூடிக்கொண்டு, பாடுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு நான் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"கேட்டீங்களா வல்லியண்ணன்?"

"கேட்டன் புள்ள. ஊரே பாடிச்சே."

"ஓம். எல்லாருக்கும் மெட்டுத் தெரியிது." அவள் என் கையைப் பிடித்தாள். "ஒருத்தரும் அந்த இடத்தில மூச்சு எடுக்கல்ல. பாத்துப் பாத்து நிண்டன், ஒருத்தரும் எடுக்கல்ல. அவள் வரல்ல அண்ணன். ஹெதர் செத்துப் போனாள்."

ஆறு வருடத்துக்குப் பிறகு, அன்று காலைதான் யாரோ வந்து சேதி சொன்னதுபோலச் சொன்னாள். அப்படியே மணலில் இருந்துவிட்டாள். நெவில் கிற்றாரைத் தோளில் இருந்து இறக்கவும் மறந்து ஓடிவந்து பக்கத்தில் குந்தினான். சனம் பாடுவதை நிறுத்திவிட்டது. வினிபிரட் அழுதாள். வாயைத் திறந்து, இழுத்து இழுத்து மூச்சு எடுத்து அழுதாள். அந்த மூச்சு அங்கு நின்ற எல்லாருக்கும் கேட்டது.